நிறைஞ்சிருக்கு

காளீஸ்வரியை அந்தக் கட்டடத்தில் எல்லோரும் 'காலி' என்றுதான் கூப்பிட்டார்கள். பெயரைச் சுருக்கிக் கூப்பிடுவது அவர்களுக்குப் பிரியம். ளகரம் வராத நாக்குகள். அவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? காலையில் மின்தூக்கி திறந்ததும் "வணக்கம் காலி". மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் "இங்கே உட்காரலாமா காலி?" முதல் மாதம் அவளுக்குச் சிரிப்பாக வந்தது. ஆனால் அதைச் சொல்லிச் சிரிக்க இன்னொரு தமிழ் ஆள் வேண்டுமே! தொள்ளாயிரம் பேர் வேலை பார்க்கிற கட்டடத்தில் அவள் ஒருத்திதான். ஊர், மடகாஸ்கரின் கிழக்குக் கரையில் இருக்கும் தோமசினா துறைமுகம். வருஷத்தில் பாதி நாள் மழை. ஒரு நகைச்சுவையைத் தனியாளாக எத்தனை நாள் வைத்துக்கொண்டிருப்பது? நாலு வருஷத்தில் அதுவும் புளித்துவிட்டது.

கட்டடம் ஏழு நாட்டு ஒன்றியத்தினுடையது. இந்துமாக்கடலைச் சுற்றியுள்ள ஏழு நாடுகள் சேர்ந்து ஒரு பொதுநிதி வைத்திருந்தன. நன்றாக விளைந்த நாடு போடும், காய்ந்த நாடு எடுக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எடுப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வரவுக்கு மேலே போகிற செலவு நூற்றுக்கு மூன்றைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஏன் என்று காட்ட வேண்டும். காட்டச் சொன்னதும் நாடுகள் புளுக ஆரம்பித்தன. அடேயப்பா, என்ன புளுகு! ஒரு நாடு ஒரே துறைமுகத்தை இரண்டு பேருக்கு விற்றதாக வரவு காட்டியது. இன்னொன்று பெய்யாத மழைக்கு வெள்ள நிவாரணம் எழுதியது. ஒன்றின் புளுகை இன்னொன்று கண்டுபிடித்து, கூட்டணியே உடைகிற நிலைக்கு வந்துவிட்டது.

கடைசியில் ஒன்றியம் வெறுத்துப்போய் ஒரு முடிவெடுத்தது. இனி அரசாங்கங்களைக் கேட்பதில்லை, அடுப்படியைக் கேட்பது. அமைச்சர் பொய் சொல்வார், நிதிச் செயலர் பொய் சொல்வார். உலையில் அரிசி போடப் போகிறவள் எதற்குப் பொய் சொல்லப்போகிறாள்?

அப்படி வந்ததுதான் அந்தக் கருவி. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். குலுக்கலில் விழுந்த ஊர்களில், சம்மதித்த வீடுகளின் அடுப்படிச் சுவரில் ஒட்டினார்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், மருந்து என்று சரக்கையும், சாப்பாட்டையும், குறையையும் பற்றிய பேச்சை மட்டும் அது பிடிக்கும். பிடித்ததை எழுத்தாக மாற்றி ஒன்றியத்தின் இயந்திரத்துக்கு அனுப்பும். குரலை அனுப்பாது, பெயரை அனுப்பாது. வீட்டு எண்ணும், பேசியது எத்தனையாவது ஆள், ஆணா பெண்ணா என்பதும் மட்டும் கூடவே போகும். இயந்திரம் ஒவ்வொரு வட்டாரத்திலும் எத்தனை 'இருக்கு', எத்தனை 'இல்லை' என்று கூட்டி, யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும். கமுதிப் பக்கத்துச் சனங்கள் அந்தப் பொத்தானுக்குக் 'காது' என்று பெயர் வைத்தார்கள்.

இயந்திரத்துக்குத் தமிழ் சரியாகப் புரிகிறதா என்று பார்ப்பதுதான் காளீஸ்வரியின் வேலை. திரையில் ஒரு வாக்கியம் வரும், கீழே இயந்திரம் எடுத்துக்கொண்ட பொருள் வரும், 'சரியா?' என்று ஒரு கேள்வி வரும். அவள் 'சரி' என்றோ 'தவறு' என்றோ தட்ட வேண்டும். அவ்வளவுதான். சில நாளைக்கு ஆயிரம் வாக்கியங்கள் வரும். 'வெங்காயம் கெடக்கு.' 'சீனி வாங்கணும்.' 'நேத்து வச்ச புளிக்கொழம்பு இருக்கு.' யாரோ, எந்த வீடோ. ஆனாலும் அவளுக்கு அது பிடித்திருந்தது. அவள் ஒரு நாளில் கண்ணால் பார்க்கிற தமிழ் அதுதான். வாய்விட்டுப் பேசுகிற தமிழ் ஞாயிற்றுக்கிழமை மட்டும், ராக்கு அக்காவோடு.

ராக்கு அக்கா கமுதிக்குத் தெற்கே கீழப்பொட்டலில் இருந்தாள். அவளும் மச்சானும் மட்டும்தான், பிள்ளை கிடையாது. அந்த ஊர் குலுக்கலில் விழுந்தபோது, தங்கச்சி வேலை பார்க்கிற இடத்துச் சாமான் என்று அக்காதான் முதல் ஆளாகக் கை தூக்கினாள். அவளைப் பார்த்துப் பக்கத்து இரண்டு ஊர்ப் பெண்களும் சம்மதித்தார்கள். மொத்தம் இருபத்தாறு வீடு.

அந்த ஞாயிற்றுக்கிழமை காளீஸ்வரி பேசிக்கொண்டிருந்தபோது அக்கா போனை வழக்கம்போல ஒலிபெருக்கியில் போட்டு அடுப்புப் பக்கத்துப் பலகையில் வைத்திருந்தாள். பேச்சு நடுவில் வாசலில் ஒரு குரல் கேட்டது.

"ராக்கு, ஒரு ஒழக்கு அரிசி இருந்தாக் குடுத்தா. நாளைக்குத் தந்துர்றேன்."

"அரிசி நிறைஞ்சிருக்கு, மாரியக்கா" என்றாள் அக்கா.



"சரித்தா." செருப்புச் சத்தம் தேய்ந்து போனது.

"யாருக்கா அது?"

"மேல வீட்டு மாரியக்காடி."

"அரிசி கேட்டாங்களே, குடுக்கலயா?"

"அதான் நிறைஞ்சிருக்குன்னு சொன்னேன்ல, காதுல விழுகலயா?" அக்கா எரிந்து விழுந்தாள். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "அத விடு. நீ நல்லா இருக்கியா?" என்றாள்.

'நிறைஞ்சிருக்கு' என்கிற சொல்லின் கடைசியில் அக்காவின் குரல் இறங்கிய விதம் காளீஸ்வரிக்கு எங்கேயோ கேட்டதுபோல இருந்தது. நிறைந்திருக்கிறதென்றால் மாரியக்கா ஏன் வெறுங்கையோடு போனாள்?

அரிசி தீர்ந்துவிட்டது என்று வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தச் சொல்லைச் சொன்னால் வீடு விளங்காது. அதனால் பானை வெறுமையாகும்போது 'நிறைஞ்சிருக்கு' என்பார்கள். கேட்கிறவர்களுக்குப் புரியும். சொன்ன குரலிலேயே புரிந்துவிடும். இது காளீஸ்வரிக்கும் தெரிந்ததுதான், சின்ன வயதில் அம்மா சொல்லக் கேட்டதுதான். ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்தே அவளுக்கு விடுதி, பிறகும் விடுதி, பிறகு இந்த ஊர். விடுதியில் சோறு தட்டில் வரும். பானையை யார் பார்த்தார்கள்? நாலு வருஷத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் திரையில் ஒரு கேள்வி வந்தது. 'அரிசி நிறைஞ்சிருக்கு. பொருள்: இருப்பு முழுமை. சரியா?' அதை அவள் எழுத்தாகத்தான் பார்த்தாள். எழுத்தில் ஏது குரல்? 'சரி' என்று தட்டினாள். அதற்குப் பிறகு இயந்திரம் அந்தச் சொல்லைப் பற்றி அவளைக் கேட்கவே இல்லை.

அடிப் பாவி, என்ன காரியம் செய்தாய்!

மறுநாள் காலையில் போனதும் முதல் வேலையாக அவள் தேடிப் பார்த்தாள். கமுதி வட்டாரத்தில் போன ஒரு வருஷத்தில் மட்டும் நாலாயிரத்துச் சொச்சம் தடவை 'நிறைஞ்சிருக்கு'. மூன்று வருஷமாக அங்கே மழை இல்லை. அரசாங்கம் தன் நிவாரணத்தை நிறுத்தி ஒன்றியம் பார்த்துக்கொள்ளும் என்றது. ஒன்றியமோ, அடுப்படியெல்லாம் நிறைந்திருக்கிறது என்று ஒரு மணி அரிசி அனுப்பவில்லை. இதில் பெருமை வேறு. கீழ்த்தளத்தில் பெரிய பலகையே வைத்திருந்தார்கள்: 'வறட்சியிலும் குறையாத வட்டாரம் — கமுதியைப் பாருங்கள்!' தினமும் அதைத் தாண்டித்தான் அவள் மேலே வந்துகொண்டிருந்தாள். பார்க்கும்போதெல்லாம் மனசுக்குள் ஒரு சின்னப் பெருமிதம்கூட இருந்தது.

வியாழக்கிழமை ஒன்றியச் சபை கூடி அடுத்த ஆறு வருஷத்துப் பங்கை முடிவு செய்யும். கமுதிக்கு நேரே பூஜ்யம் என்று போட்டிருந்தது. ஒருமுறை முடிவானால் ஆறு வருஷத்துக்கு மாறாது.

மொழிப் பிரிவுக்குத் தலைவி ஹனித்ரா, தோமசினாக்காரி. ஐம்பது வயது, மூன்று வேளையும் சோறு தின்கிற பெண்மணி. அவர்கள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டார்கள். காளீஸ்வரி எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

"அரிசி இல்லாததற்கு நிறைந்திருக்கிறது என்று ஏன் சொல்ல வேண்டும்?" என்று கேட்டாள் ஹனித்ரா.

"இல்லை என்று சொன்னால் இல்லாமலே போய்விடும் என்று பயம். விளக்கை அணைக்கிறோம் என்றுகூடச் சொல்ல மாட்டோம். குளிர வைக்கிறோம் என்போம்."

"அப்படியானால் நீ ஏன் சரி என்று போட்டாய்?"

"பார்த்தது எழுத்து. காதால் கேட்டிருந்தால் போட்டிருக்க மாட்டேன்."

ஹனித்ரா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். "ஒன்பதாம் விதி தெரியுமல்லவா? ஒரு வட்டாரம் கொடுத்த தகவல் உண்மைக்கு மாறாக இருந்தால், அந்த வட்டாரம் ஆறு வருஷத்துக்கு நிதிக்கு வெளியே."

"யாரும் பொய் சொல்லவில்லையே!"

"துறைமுகத்தை இரண்டு தடவை விற்றவர்களுக்காக எழுதிய விதி, காலி. சொன்னது ஒன்று, இருப்பது ஒன்று என்றால் அதற்குப் பொய்தான். உன் அம்மா வழக்கமெல்லாம் விதிக்குத் தெரியாது."

"வேறு வழியே இல்லையா?"

"ஒன்று இருக்கிறது. பரிசோதகரின் பிழை என்று பதியலாம். அப்போது வட்டாரம் தப்பிக்கும், நீ மாட்டுவாய். வேலை போகும். விசாரணை முடிகிற வரை இந்த ஊரைவிட்டு நகர முடியாது. இரண்டு வருஷம் ஆகலாம், நாலும் ஆகலாம்."

"பிழை என்னுடையதுதானே. எழுதிக்கொள்ளுங்கள்."

"அவசரப்படாதே. நீ எழுதிக் கொடுத்தால் மட்டும் சபை நம்பாது. உன் ஊர்க்காரர்களைக் காப்பாற்ற நீ கதை கட்டுகிறாய் என்பார்கள். இருபது வீடாவது, அதே கருவியில், புதன்கிழமை சாயங்காலத்துக்குள் நேரடியாக 'இல்லை' என்று சொல்ல வேண்டும். வீட்டுக்காரர்களை நீயே கேட்கலாம், விதி அனுமதிக்கிறது."

"இருபது வீடுதானே" என்றாள் காளீஸ்வரி. தன் சனங்களை அவள் எவ்வளவு மறந்துபோயிருந்தாள் என்பதற்கு அந்த ஒரு சொல்லே போதும்.

அன்று சாயங்காலம் அக்காவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"அப்ப மூணு வருசமா, நாங்க நல்லா திங்கிறோம்னு நெனச்சுக்கிட்டா இருந்தீக?"

"அக்கா, நான் எழுத்துலதான்..."

"நீயுமாடி?"

"ஏங்கா நீ எங்கிட்டச் சொல்லல? ஒவ்வொரு ஞாயித்துக்கெழமயும் பேசுறோமே?"

"என்னத்தச் சொல்ல? அந்தப் பொத்தான்தான் ராத்திரி பகலா கேட்டுக்கிட்டே இருக்கே. நீ அங்கதான உக்காந்துருக்க. எந்தங்கச்சிக்கு எல்லாம் தெரியும், என்னமோ முடியாமத்தான் இருக்கான்னு நெனச்சேன். ஊருக்குள்ள கேட்டவுகளுக்கும் அதத்தான் சொன்னேன். உன்னய நம்பித்தான் அத்தன பேரும் அத மாட்டுனாக."

காளீஸ்வரி கெஞ்சினாள்: "இப்ப ஒரே ஒரு தடவ, அரிசி இல்லன்னு வாய்விட்டுச் சொல்லுங்கக்கா. நீயும் சொல்லு, மத்தவுகளையும் சொல்லச் சொல்லு. அது போதும்."

"அடுப்படில நின்னுக்கிட்டா?"

"ஆமாக்கா."

"மாட்டேன்."

"அக்கா!"

"வெறும் பானையக் கழுவிக் கவுத்தக்கூட மாட்டேன், நாலு மணியாவது கெடக்கட்டும்னு வச்சிருக்கேன். அந்த வீட்டுல நின்னு என் வாயால அந்தச் சொல்லச் சொல்லவா? வேற என்ன மிஞ்சிருக்கு எங்களுக்கு? மாரியக்காவும் சொல்ல மாட்டா, எவளும் சொல்ல மாட்டா. நீ படிச்சவ, நீயே என்னமாச்சும் எழுதிக்க." போன் துண்டிக்கப்பட்டது.

காளீஸ்வரி அறையில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. இங்கே எவனுக்கும் வேண்டாத மழை. நாலு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை அவள் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். 'சாப்ட்டியாக்கா?' என்று அவள் கேட்காத வாரமே இல்லை. 'சாப்ட்டேன்டி' என்று அக்கா சொல்லாத வாரமும் இல்லை. 'மச்சான் நல்லா இருக்காகளா?' 'அவருக்கென்ன, நல்லா இருக்காரு.' இதில் எது நிஜம்? இத்தனை நாள் அவள் யாரோடு பேசிக்கொண்டிருந்தாள்? உலகத்தில் தனக்கென்று இருக்கிற ஒரே ஆளிடமும் ஒரு நிஜமான வார்த்தை பேசியதில்லை என்று தோன்றியபோது, அந்த ஊரில் இறங்கிய முதல் நாள்கூட அவள் அவ்வளவு தனியாக இருந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை அக்கா போனை எடுக்கவில்லை. காளீஸ்வரி மாரியக்காவின் மருமகளைப் பிடித்துப் பேசினாள். அந்தப் பெண் 'அத்த வெளிய போயிருக்காக' என்று சொல்லி வைத்துவிட்டாள். திரையில் கமுதியிலிருந்து வந்த வாக்கியங்களை மட்டும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'எண்ணெய் நிறைஞ்சிருக்கு.' 'அரிசி நிறைஞ்சிருக்கு.' சாயங்காலம் வரை ஒரு 'இல்லை' கூட வரவில்லை.

புதன்கிழமை காலையில் அக்காவே கூப்பிட்டாள். வணக்கமும் இல்லை, நலம் விசாரிப்பும் இல்லை.

"ஏத்தா, இந்தப் பொத்தான் அடுப்படிச் செவுத்துலதான் இருக்கணும்னு சட்டமா?"

காளீஸ்வரி அவசரமாக விதிப் புத்தகத்தைத் திறந்தாள். தேடினாள். "செவுத்தப் பத்தி ஒண்ணும் போடலக்கா. அந்த வீட்டாளு பேசணும், அவ்வளவுதான்."

"வீட்டுக்கு வெளிய வச்சுப் பேசலாமா?"

"பேசலாம்."

"அப்பச் சரி. வீட்டுக்குள்ளதான அந்தச் சொல்லு ஆகாது? வறண்டுபோன ஊருணில நின்னு சொன்னா யாரக் கேக்கணும்? அதுல இனிமே போறதுக்கு என்ன இருக்கு?" அக்கா வைத்துவிட்டாள்.

மூன்று மணி நேரம் கழித்துத் திரை அசைந்தது. காளீஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். பொத்தானைச் சுவரிலிருந்து பிய்த்து, முந்தானையில் முடிந்துகொண்டு, மூன்று ஊர்ப் பெண்கள் வெடித்துக் கிடக்கும் ஊருணிக்குள் இறங்கி நிற்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். திரைக்குத் தெரியாது. திரையில் எழுத்து மட்டும் வந்தது.

'அரிசி இல்ல.'

'அரிசி இல்ல. பருப்பு இல்ல.'

'எண்ணெய் இல்ல, ரெண்டு மாசமா இல்ல.'

'சக்கர மாத்தர இல்ல.'

எட்டு, ஒன்பது, பத்து. முதலில் ஒவ்வொன்றாக வந்தது, பிறகு மளமளவென்று வந்தது. ஆரம்பித்துவிட்ட பிறகு அவர்களால் நிறுத்த முடியவில்லை போலிருக்கிறது. மூன்று வருஷமாக வாய்க்குள் வைத்திருந்ததல்லவா? 'உப்பு இல்ல.' 'கருவாட்டுக்குக்கூட வக்கு இல்ல.' பதினான்காவதாகப் பேசிய வீட்டில் இயந்திரம் திணறியது. 'மூணாவது மகன்கிட்டருந்து போனு இல்ல' என்று ஒரு வரி. கீழே, 'இது எந்தச் சரக்கு?' என்று கேட்டிருந்தது. காளீஸ்வரி 'பொருந்தாது' என்று தட்டினாள்.

பத்தொன்பது, இருபது. இருபதைத் தாண்டியும் வந்தது. இருபத்தாறாவதாக, எல்லோருக்கும் கடைசியில் வந்தது அக்காதான்: 'அரிசி இல்ல. போன ஆடியிலருந்தே இல்ல. போதுமாடி?'

'போதுமாடி' என்பதற்கு இயந்திரம் பொருள் கேட்டது. அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதாள். பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து, என்ன செய்வதென்று தெரியாமல், ஒரு கைக்குட்டையை வைத்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை சபை ஏற்றுக்கொண்டது. கமுதிக்கு முழுப் பங்கு. கீழ்த்தளப் பலகையைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டார்கள். காளீஸ்வரி மேல் விசாரணை தொடங்கியது. கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வேலையை விட்டு உடனே அனுப்பவும் முடியவில்லை, வேறு தமிழ் ஆள் கிடைக்கிற வரை தட்டுவதற்கு ஒருவர் வேண்டுமே! இந்தக் கூத்தை யாரிடம் சொல்ல?

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் குரலில் தெம்பு இருந்தது. கப்பல் கிளம்பிவிட்டதாம், லாரி வருகிற தேதியை ஊர் நாட்டாமை தட்டியில் எழுதி வைத்துவிட்டாராம். மாரியக்கா இவளைப் பற்றி மூன்று நாளாகப் புகழ்கிறாளாம். எல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கேட்டாள்:

"உனக்கு ஒண்ணும் தொந்தரவு வரலயே? நீ நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன்க்கா. எனக்கென்ன குறை?"

"எப்ப வர்ற?"

"வர்றேன்க்கா. கொஞ்சம் வேல முடியட்டும்."

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்" என்றாள். முந்தின நாள் ராத்திரியிலிருந்து அவள் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. அடுப்பைப் பற்றவைக்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்று வாரம் கழித்து, கமுதி வட்டாரத்தின் வீட்டுவாரியான பங்குப் பட்டியல் கடைசிச் சரிபார்ப்புக்காக அவளிடம் வந்தது. இயந்திரம் இப்போது திருந்தியிருந்தது. இந்த மக்கள் குறையை நிறைவென்று சொல்கிறவர்கள் என்று அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அது அந்தப் பாடத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அரிசி பருப்போடு நிற்காமல் பழைய பேச்சையெல்லாம் மறுபடி படித்திருந்தது. காளீஸ்வரி ஒவ்வொரு வீடாகப் பார்த்து 'சரி' தட்டிக்கொண்டே வந்தாள். பதினேழாம் எண் வீட்டில் அவள் விரல் நின்றது.

'வீட்டு எண் 17. ஆட்கள்: மூன்று. ஆண் ஒருவர், பெண் இருவர். மூன்றாம் ஆள் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பேசுகிறார். "நல்லா இருக்கேன், எனக்கென்ன குறை" — பொருள்: நல்லா இல்லை, குறை உண்டு. "சாப்ட்டேன்" — பொருள்: சாப்பிடவில்லை. மூன்றாம் ஆளுக்குப் பங்கு: மாதம் பத்துக் கிலோ அரிசி. சரியா?'

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அக்கா போனை ஒலிபெருக்கியில் போடுகிறவள். பலகைக்கு மேலே காது. நாலு வருஷமாக வாரம் தவறாமல் அந்த அடுப்படியில் கேட்ட குரலை, பாவம், அது வீட்டாள் என்று எண்ணிவிட்டது. அந்த வீட்டில் அவளுக்கும் ஓர் உலை வைத்துவிட்டது.

சிரிப்பு நின்ற பிறகும் அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த நாலு வருஷத்தில் அவள் சாப்பிடவில்லை என்பதைக் கண்டுபிடித்த ஒரே ஆள் இதுதான். 'சரி' என்று தட்டிவிட்டால் என்ன? மாதாமாதம் கீழப்பொட்டலுக்கு அவள் பேரில் அரிசி போகும். அக்கா அதையும் சேர்த்துப் பொங்குவாள். யார் வந்து எண்ணப் போகிறார்கள்?

எண்ணுவார்கள். வருஷத்துக்கு ஒருமுறை ஆளெண்ணிக்கை பார்க்க ஆட்கள் வருவார்கள். இருக்கிற ஆள் இரண்டு, எழுதிய ஆள் மூன்று என்றால், ஒன்பதாம் விதி. ஒரு வீட்டுக்காக வட்டாரம் முழுக்க வெளியே நிற்க வேண்டும். ஊருணியில் இறங்கி நின்ற இருபத்தாறு பேரும் மறுபடி எங்கே போய் இறங்குவார்கள்?

அவள் 'மூன்று' என்பதை அழித்து 'இரண்டு' என்று போட்டாள்.

'ஆளை நீக்கக் காரணம்?' என்று கேட்டது இயந்திரம். மூன்று விடைகள் கொடுத்திருந்தது: இறப்பு; இடப்பெயர்ச்சி; வீட்டைச் சேர்ந்தவர் அல்ல.

'இடப்பெயர்ச்சி' என்பதைத் தொட்டாள். 'திரும்பி வரும் தேதி?' என்று ஒரு கட்டம் திறந்தது. அதை நிரப்பாமல் மேலே போக விடவில்லை. அவள் கையில் தேதி எதுவும் இல்லை. விசாரணைக்காரர்களைக் கேட்டால் அவர்களிடமும் இல்லை.

வந்த வழியே திரும்பி, மூன்றாவது விடையைத் தட்டினாள். பட்டியல் நகர்ந்து பதினெட்டாம் எண் வீட்டுக்குப் போனது.